இடைக்காலத்துக்கு இரண்டு சுவர் வேண்டும்

எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டுதான். ஆனால் இங்கிலீஷில் நாலு வார்த்தை நன்றாகத் தெரியும். இன்ட்ரவல், பிரேக், ஸ்டே, பென்டிங். பஸ், டீ, ஆஸ்பத்திரி மாதிரி ஊரே சொல்லுகிற சொற்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அடிபட்டுக் கற்றுக்கொண்ட சொற்களை மட்டும் சொல்கிறேன். இந்த நாலுமே நேரம் நின்றுபோவதைக் குறிக்கிற சொற்கள் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

முதல் சொல் என் மூலமாகத்தான் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் மூணாவது படிக்கும்போது இன்ட்ரவல் பெல் அடித்தால் மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடும். காலனியிலிருந்து வருகிற எங்கள் ரெண்டு பேருக்கும் கக்கூஸில் தண்ணி ஊற்றிக் கழுவுகிற வேலை. வீட்டில் வந்து, "இன்ட்ரவல் இருந்துச்சும்மா, அதான் சட்டை நனைஞ்சிருச்சு" என்று சொல்லுவேன். இன்ட்ரவல் என்றால் கக்கூஸ் கழுவுவதற்கு இங்கிலீஷில் பெயர் என்றே அம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. மற்றவர்கள் ஓய்வெடுக்கிற நேரம்தான் நமக்கு வேலை நேரம். ஊர் தூங்கும்போது தெருக் கூட்ட வேண்டும். ஊருக்குத் திருவிழா என்றால் நமக்குக் குப்பை. ஒரே மணிதான் அடிக்கிறது, அது எல்லோர் காதிலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

இங்கிலீஷ்காரனிடம் இந்த மாதிரி இடைவெளிகளுக்குச் சொல் ஏராளம். கோர்ட் சற்றுக் கலைந்தால் ரிசெஸ். வழக்கைத் தள்ளிப்போட்டால் அட்ஜர்ன்மென்ட். நாடகத்துக்கு நடுவே இன்டர்லூட். கடன் வாங்கிய கம்பெனிக்குத் தவணை தள்ளினால் மொரட்டோரியம். பேராசிரியர் சம்பளத்தோடு ஒரு வருடம் ஒதுங்கி இருந்தால் சப்பாட்டிகல். விட்டுப்போன காரியத்துக்கு ஹையேட்டஸ். சொற்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது தெரியும். நேரத்தை நிறுத்தி வைக்க அதிகாரம் உள்ளவன், தான் நிறுத்திய நேரத்துக்குத் தானே பெயர் வைத்துக்கொள்கிறான்.

இன்டர்வல் என்ற சொல்லின் வேர் லத்தீன். கோட்டை மதிலுக்கும் மதிலுக்கும் நடுவில் உள்ள இடம் என்பதுதான் அதன் பழைய பொருள். இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் திருவரங்கம்தான் கண்ணில் வந்து நின்றது. ஏழு மதில், மதிலுக்கும் மதிலுக்கும் நடுவே வீதிகள், எந்த வீதியில் எந்தச் சாதி குடியிருக்கலாம் என்று மதிலே தீர்மானித்த ஊர். சித்திரை வீதி, உத்திர வீதி என்று உள்ளே போகப் போக யார் வீடு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெரு எந்த ரெண்டு மதிலுக்கும் நடுவில் இல்லை. காவிரிக்கு இந்தப் பக்கம், திருச்சியில், சாக்கடைக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

நான் கேட்க வருகிற கேள்வி இதுதான். இடைவெளி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதற்கு ரெண்டு பக்கமும் சுவர் வேண்டும். முன்னே ஒன்று, பின்னே ஒன்று. பின்பக்கச் சுவரே கட்டப்படாத ஒரு வெளியில் தலைமுறை தலைமுறையாக நிற்கிறவனிடம், 'இது இடைக்காலம்தான், கொஞ்சம் பொறு' என்று சொல்ல யாருக்காவது நியாயம் உண்டா?

*

கோயிலும் காத்திருந்திருக்கிறது. ஆனால் கணக்கோடு காத்திருந்திருக்கிறது. 1323இல் தில்லிப் படை வந்தபோது திருவரங்கத்து உற்சவர் சிலையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பல ஊர் சுற்றி, திருப்பதியில் இருந்து, செஞ்சி வழியாக 1371இல் சிலை திரும்பி வந்தது. நாற்பத்தெட்டு வருடம். கோயிலின் வரலாற்றை எழுதி வைத்திருக்கிற கோயிலொழுகில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. சாமி ஊரில் இல்லாத காலத்துக்கு முன்சுவரும் இருக்கிறது, பின்சுவரும் இருக்கிறது.

அந்தப் பின்சுவரை எழுப்பியது யார் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். திரும்பி வந்த சிலை பழைய சிலைதானா என்று அடையாளம் சொல்ல ஊரில் ஆள் இல்லை. பார்த்தவர்கள் செத்துப்போய்விட்டார்கள். கடைசியில் கண் தெரியாத ஒரு கிழ வண்ணார்தான் மிச்சம். சாமிக்கு உடுத்திய துணியை வெளுத்தவர். திருமஞ்சனம் செய்த ஈரத்துணியைப் பிழிந்து அந்தத் தண்ணீரை வாயில் வைத்துப் பார்த்து, இவர்தான் நம்பெருமாள் என்றாராம். அந்தப் பெயரே இன்று வரைக்கும் சாமிக்கு நிலைத்துவிட்டது. நாற்பத்தெட்டு வருட இடைவெளியை இணைத்தது வேதமில்லை, ஆகமமில்லை. அழுக்கு வெளுத்தவரின் நாக்கு. பெயர் வைத்தவரின் பெயரை மட்டும் யாரும் எழுதி வைக்கவில்லை.

ராஜகோபுரத்தையும் பாருங்கள். அடித்தளத்தோடு நின்றுபோய் நானூறு வருடம் போல மொட்டை கோபுரமாகவே கிடந்தது. 1979இல் வேலை ஆரம்பித்து 1987இல் பதின்மூன்று நிலை, 236 அடி என்று முடித்தார்கள். நானூறு வருடம் முடியாமல் கிடந்ததை யாரும் கேவலமாகப் பேசவில்லை. பெருமையாகத்தான் பேசுகிறார்கள். மேல்சாதி நிறுவனம் ஒன்று காத்திருந்தால் அது வரலாறு. நாம் காத்திருந்தால் நமக்குத் தகுதி போதவில்லை.

இனி திருப்பாணாழ்வார். உறையூர்க்காரர். பாணர். தீண்டத்தகாதவர் என்று காவிரித் தென்கரையிலேயே நின்று அரங்கனைப் பாடிக்கொண்டிருந்தார். தண்ணீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் வழிவிடச் சொல்லி, கேட்கவில்லை என்று கல்லால் அடித்தார். பிறகு சாமியே சொல்லி, அதே முனிவர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் போனார். அமலனாதிபிரான் பாடிய ஆழ்வார் அங்கேயே சாமியோடு கலந்துவிட்டார். இதுதான் கதை.

இந்தக் கதையை நமக்கு ஆறுதலாகச் சொல்லுவார்கள். எனக்கு இதில் மூன்று இடங்கள் உறுத்துகின்றன. ஒன்று, அவர் கால் கோயில் தரையில் படவில்லை, தோளில்தான் போகிறார். ரெண்டு, உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. சிதம்பரத்தில் நந்தனுக்கும் இதேதான். உள்ளே போன தலித் உயிரோடு வெளியே வந்து, நாளைக்கும் வருவேன் என்று சொன்னதாக ஒரு பழங்கதைகூட நம்மிடம் இல்லை. மூன்றாவது, அவர் பாணர் வயிற்றில் பிறக்கவில்லை, நெல்வயலில் கிடைத்த குழந்தை, பாணர் எடுத்து வளர்த்தார்கள் என்று குருபரம்பரைக் கதைகள் திருத்தம் வைத்திருக்கின்றன. ஆழ்வாரை ஏற்றுக்கொள்ள முடிகிறது, அவர் அம்மாவை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

ஆழ்வார் காலம் எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டு என்கிறார்கள். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1947. நடுவில் ஆயிரம் வருடத்துக்கும் மேல். ஒருவரைத் தோளில் தூக்கிய கதையைச் சொல்லியே அத்தனை வருடத்தையும் ஓட்டியிருக்கிறார்கள். இந்த இடைவெளிக்கு எந்த ஒழுகில் கணக்கு இருக்கிறது?

*

கோயிலுக்குள் போவது ஒரு சுவர். கருவறை அடுத்த சுவர். பெரியார் கருவறை நுழைவுக் கிளர்ச்சி அறிவித்தார். சட்டமே கொண்டுவருகிறோம் என்று ஆட்சியில் இருந்தவர்கள் சொன்னதால் கிளர்ச்சியை ஒத்திவைத்தார். 1970 டிசம்பரில் பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்துச் சட்டம் நிறைவேறியது. 1972இல் உச்ச நீதிமன்றம், பரம்பரை உரிமையை ஒழித்தது செல்லும், ஆனால் நியமனம் ஆகமப்படிதான் நடக்க வேண்டும் என்றது. கதவைத் திறந்துவிட்டுச் சாவியை ஆகமத்திடமே கொடுத்தது மாதிரி. 1973 டிசம்பரில் பெரியார் செத்துப்போனார். ஒத்திவைப்பு ஒத்திவைப்பாகவே இருந்தது.

2006இல் அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகலாம் என்று அரசாணை. உடனே வழக்கு, உச்ச நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை. அரசு ஆறு ஊர்களில் பயிற்சிப் பள்ளி திறந்தது. திருவரங்கமும் அதில் ஒன்று. இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். மந்திரம் படித்தார்கள், ஆகமம் படித்தார்கள், தீட்சை வாங்கினார்கள், 2008இல் வெளியே வந்தார்கள். வெளியே வந்து எங்கே போவது? வழக்கு பென்டிங். தீர்ப்பு வந்தது 2015 டிசம்பர் 16. அதுவும், ஒவ்வொரு நியமனத்தையும் ஆகமத்தை வைத்துத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று. 2018இல் மதுரையில் ஒருவருக்கு வேலை கிடைத்தது. 2021 ஆகஸ்ட் 14 அன்றுதான் அந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் 24 பேருக்கு ஆணை கொடுத்தார்கள். இருபது வயதில் படித்து முடித்தவருக்கு முப்பத்துமூன்று வயது.

பிறகும் நிற்கவில்லை. திருச்சிக்குப் பக்கத்திலேயே குமாரவயலூர் முருகன் கோயிலில் அப்படி நியமிக்கப்பட்ட ரெண்டு பேரின் நியமனத்தை 2023 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் தனி நீதிபதி ரத்து செய்தார். அதே வருடம் செப்டம்பரில் ஆகமக் கோயில்களின் அர்ச்சகர் நியமனத்தில் ஸ்டேட்டஸ் கோ என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஸ்டேட்டஸ் கோ, இன்னொரு லத்தீன் சொல். இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று பொருள். இருப்பவனுக்கு அது நிம்மதி. இல்லாதவனுக்கு?

ஸ்டே என்ற இங்கிலீஷ் சொல்லில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நிறுத்துவதற்கும் ஸ்டே, ஒரு இடத்தில் தங்கியிருப்பதற்கும் ஸ்டே. தமிழில் தடை என்று பெயர்த்தபோது ரெண்டாவது பொருள் உதிர்ந்துவிட்டது. நமக்கு அந்த ரெண்டாவது பொருள்தான் வாய்த்தது. தடைக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறோம். அதற்குள்ளேயே கல்யாணம், பிள்ளை, சாவு எல்லாம்.

*

சாமி கும்பிடாத நீ அர்ச்சகர் வேலைக்கு ஏன் அழுகிறாய் என்று தோழர்கள் கேட்கலாம். சரி, சோற்றுக் கதைக்கு வருவோம்.

பொன்மலைப் பக்கம் பிரேக் இன் சர்வீஸ் என்றால் வயதானவர்களுக்குத் தெரியும். 1974 மே 8ஆம் தேதி ஆரம்பித்த ரயில்வே வேலைநிறுத்தத்தில் இந்தியா முழுக்க லட்சக்கணக்கானவர்கள் இறங்கினார்கள். இருபது நாளில் அடக்கப்பட்டது. கலந்துகொண்டவர்களின் பணித் தொடர்ச்சியை வெட்டினார்கள். அத்தனை வருடச் சர்வீஸும் ஒரு கோட்டில் போயிற்று. 1977இல் ஆட்சி மாறியதும் அந்த வெட்டை ரத்து செய்தார்கள். எப்படி முடிந்தது? ரிஜிஸ்டர் இருந்தது, சங்கம் இருந்தது, வெட்டிய தேதி எழுத்தில் இருந்தது. கணக்கு இருந்ததால் திருப்பிக் கேட்க முடிந்தது.

என் அம்மாவின் பிரேக் வேறு சாதி. பதினோரு வருடம் காண்ட்ராக்டில் தெருக் கூட்டினாள். எண்பத்தொன்பது நாள் வேலை, மூணு நாள் பிரேக். மறுபடி எண்பத்தொன்பது. இருபத்துநாலு மாதத்தில் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1981இலிருந்து சட்டம் இருக்கிறது. அந்தத் 'தொடர்ந்து' என்ற ஒரு சொல்லை உடைக்கத்தான் மூணு நாள். பிரேக் விட்ட நாளில் குப்பை பிரேக் எடுத்துக்கொள்ளுமா? அம்மா அதே தெருவை வேறொருத்தி பெயரில் கூட்டினாள். அவளுக்குப் பிரேக் வரும்போது இவள் பெயரில் அவள் கூட்டினாள். உடம்பு இடைவிடாமல் வேலை செய்தது. தாளில் மட்டும் இடைவெளி.

தொல்காப்பியம் கண்ணிமைக்கிற நேரத்தையும் விரல் நொடிக்கிற நேரத்தையும் வைத்து எழுத்தின் மாத்திரையை அளக்கிறது. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை. எம்.ஏ. வகுப்பில் இதைப் படித்தபோது அம்மாவின் ஞாபகம்தான் வந்தது. மெய்யெழுத்தின் அரை நொடிக்குக் கணக்கு வைத்த மொழியில், மெய்யாக உழைத்தவளின் நாளுக்குக் கணக்கில்லை.

*

இங்கே ரெண்டு விஷயத்தை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

ஸ்டே எல்லாமே நமக்கு எதிரி இல்லை. வாய்க்கால் கரையில் எங்கள் குடிசைகளை இடிக்க இயந்திரத்தோடு வந்தபோது காப்பாற்றியதும் ஒரு ஸ்டேதான். அம்மாவுக்கு அந்தச் சொல் தெரிந்தது அப்படித்தான். அந்தத் தாளை மாரியாத்தா படத்துக்குப் பின்னால் சொருகி வைத்தாள். அதனால், நேரத்தை நிறுத்துவதே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. இருப்பதையும் இழக்கப் போகிறவன் நிறுத்து என்பது ஒன்று. எல்லாம் வைத்திருக்கிறவன் நிறுத்து என்பது வேறொன்று. காத்திருப்பதற்கான செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் எது நியாயம் என்பது தெரிந்துவிடும். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதம் இந்தக் கேள்வியைத்தான் பேசுகிறது. பொறுங்கள் என்று அவரிடம் சொன்னவர்கள் பகைவர்கள் இல்லை. நல்லவர்கள், பாதிரியார்கள்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நம்மிடமும் சொல்லுவார்கள். பொறுத்தவனிடம் ஒரு குழி நிலம் உண்டா? அவர்களுக்குக் கணக்கே தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். நமக்குக் கொடுத்த காலத்தை நாள் பிசகாமல் எண்ணுவார்கள். 'அம்பேத்கர் பத்து வருசம்தானே கேட்டார், இன்னும் எத்தனை நாளைக்கு ரிசர்வேஷன்?' என்று டீக்கடையில் கேட்காத ஆள் உண்டா? அரசியல் சட்டத்தில் 334ஆவது பிரிவு பத்து வருடம் என்று வரையறுத்தது நாடாளுமன்ற, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்குத்தான். படிப்புக்கும் வேலைக்கும் அந்தக் கெடு கிடையாது. தனித்தொகுதிக்கான கெடுவும் நீண்டு நீண்டு, 2019இல் செய்த திருத்தத்தில் 2030 வரைக்கும் வந்திருக்கிறது. பத்து வருடத்தை விரல் விட்டு எண்ணுகிறவர்கள் ஆயிரம் வருடத்தை எண்ணச் சொன்னால், பழங்கதை பேசாதே என்கிறார்கள்.

ரெண்டாவது ஒப்புதல் என்னைப் பற்றியது. அம்மாவின் வழக்கு தொழிலாளர் கோர்ட்டில் இருந்தபோது, ஒரு தொகை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்தால் முடித்துவிடலாம் என்று எதிர்த்தரப்பில் பேசினார்கள். அம்மாவுக்கு ஆசை. கூரை மாற்ற வேண்டும், மூட்டுவலிக்குப் பார்க்க வேண்டும். நான்தான் தடுத்தேன். "வைக்காதம்மா. கேஸ் நம்ம பக்கம்தான் இருக்கு. நீ ஜெயிச்சா அத்தனை பொம்பளைங்களுக்கும் வேலை நிரந்தரமாகும். கொஞ்சம் பொறுத்துக்க" என்றேன். சொன்னது கொள்கைதான். ஆனால் அவளிடம் தேதி சொன்னேனா? அவள் காத்திருக்கிற நாளுக்கு என் பங்கு என்ன என்று யோசித்தேனா? முனிவர் மாதிரி தோளில் தூக்கிக்கொண்டு போகிறோம் என்ற நினைப்பு இயக்கக்காரனுக்கும் வந்துவிடுகிறது. மொதல்ல சாதி ஒழியட்டும், பொம்பளைங்க பிரச்சனைய அப்புறம் பாக்கலாம் என்று கூட்டத்தில் எத்தனை தரம் பேசியிருக்கிறோம்! அதுவும் ஸ்டேதானே?

அறுபது வயதானதும் அம்மாவை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் கேட்டாள்: "கேஸ் என்னடா தம்பி ஆச்சு?"

"பென்டிங்மா."

"எப்ப முடியுமாம்?"

"தெரியலம்மா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: "தேதி சொன்னா காத்துக்கிட்டு இருக்கறதுன்னு சொல்லலாம். தேதி இல்லாட்டி அது காத்துக்கிட்டு இருக்கறது இல்லடா. சும்மா கெடக்கறது."

எம்.ஏ. படித்த நான் லத்தீன் வேர் வரைக்கும் போய்த் தேடியதை அவள் ரெண்டு வரியில் சொல்லி முடித்துவிட்டாள். பொறுத்திரு என்று இன்னொருவரிடம் சொல்லுகிறவர் யாராக இருந்தாலும் சரி, நீதிமன்றமோ, அரசோ, கட்சியோ, பெற்ற பிள்ளையோ, மூன்றுக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் சொல்ல வேண்டும். எந்தத் தேதி வரை? அதுவரை ஆகிற செலவு யாருடையது? காத்திருந்த காலம் உழைத்த காலமாகக் கணக்கில் ஏறுமா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் பொறுமையைப் பற்றிப் பேசுவது அறம் ஆகாது.

அன்று ராத்திரி ஒரு நோட்டு எடுத்தேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். வருடத்துக்கு நாலு பிரேக். பதினோரு வருடத்துக்கு நாற்பத்துநாலு. ஒவ்வொன்றும் மூணு நாள், மொத்தம் நூற்று முப்பத்திரண்டு நாள். எந்தெந்தத் தெரு, யார் பெயரில் கூட்டினாள், அந்த வருடம் வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தாத்தா செத்தது ஒரு பிரேக்கில். தங்கச்சி வயசுக்கு வந்தது ஒன்றில். ஒன்றுகூட மறக்கவில்லை. அடுத்த வாய்தா தேதியையும் கீழே குறித்து வைத்தேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் அவளே கட்டைவிரலில் மை தடவி வைத்தாள்.